ஆராய்ச்சிச் செலவு வீண் செலவா? ஜவ்வரிசி சொல்லும் கணக்கு

மார்ச் மாதம் முடிந்ததும் நாம் ஒவ்வொருவரும் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் போகிறோம். அதில் கடை வாடகை உண்டு. ஆள் சம்பளம் உண்டு. மின்கட்டணம், லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வங்கி வட்டி, கோயில் நன்கொடை, தீபாவளி இனாம் எல்லாம் உண்டு. ஆராய்ச்சி என்ற தலைப்பில் ஒரு ரூபாயாவது பற்று எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ‘ஆராய்ச்சி என்பது பெரிய கம்பெனிகளின் வேலை, இல்லையென்றால் அரசாங்கத்தின் வேலை, மளிகைக் கடைக்கும் மண்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?’ என்பதே நம்மிடையே உள்ள பொதுவான எண்ணம்.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்க்க அமெரிக்கா, ஜப்பான் என்று போக வேண்டியதில்லை. நம் சூரமங்கலத்தை அடுத்த ஜாகீர் அம்மாபாளையத்தில் சேகோசர்வ் இருக்கிறது. அதன் கிடங்குகளில் அடுக்கியிருக்கும் ஜவ்வரிசி மூட்டைகளே போதுமான பாடம் சொல்லும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சேகோ ஆலை வைத்திருப்பவர், கிழங்கு பயிரிடுபவர், மூட்டை தூக்குபவர், லாரி ஓட்டுபவர், மண்டி நடத்துபவர், சில்லறைக் கடையில் கால் கிலோ கட்டிக் கொடுப்பவர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு இந்த வெள்ளை மணியை நம்பி எரிகிறது. இந்தத் தொழில் பிழைத்ததும் வளர்ந்ததும் யாருடைய ஆராய்ச்சியால், அதற்குப் பணம் கொடுத்தவர் யார், இனி யார் கொடுக்கப் போகிறார்கள் என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

தொழில் பிறந்த கதை

உண்மையான ஜவ்வரிசி மலாயா நாட்டுப் பக்கம் வளரும் ஒருவகைப் பனைமரத்தின் சோற்றிலிருந்து எடுக்கப்பட்டது. நம் நாட்டுக்கு அது கப்பலில் வந்து கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றது, சரக்கும் நின்றது. அந்தச் சமயத்தில், 1943-ஆம் ஆண்டு வாக்கில், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலாயாவில் இருந்து வந்த போபட்லால் ஷா என்பவரின் அனுபவத்தைத் துணைக்கொண்டு, நம் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய முனைந்தார். தொடக்கத்தில் எல்லாம் கைவேலைதான். உள்ளூர் மெக்கானிக்குகள் அரைவைக்கும் சலிப்புக்கும் கருவிகளைத் திருத்தித் திருத்தி அமைத்த பிறகு, நாளொன்றுக்கு இரண்டு மூட்டையாக இருந்த உற்பத்தி 25 மூட்டையாக உயர்ந்தது என்பது தொழிலின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

இதை நாம் ஆராய்ச்சி என்று அழைப்பதில்லை. வெள்ளைக் கோட்டு அணிந்த விஞ்ஞானி யாரும் அங்கே இல்லை என்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் ஒரு வியாபாரி தன் கைப்பணத்தைப் போட்டு, வருமோ வராதோ என்று தெரியாத ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார் என்றால் அதற்கு வேறு என்ன பெயர்? நம் தொழிலின் அஸ்திவாரமே ஒரு வியாபாரியின் ஆராய்ச்சிச் செலவுதான்.

1944-இல் பஞ்சம் வந்தது. கிழங்கு உணவுப் பொருள், அதை ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் பயன்படுத்தக் கூடாது, மாவட்டத்தை விட்டு வெளியே அனுப்பவும் கூடாது என்று அன்றைய சேலம் கலெக்டர் உத்தரவு போட்டார். தனித்தனியாக நின்றிருந்தால் அத்தனை பேரும் கதவைச் சாத்தியிருப்பார்கள். சங்கம் அமைத்துக் கூட்டாக முறையிட்டதால் உத்தரவு விலகியது. பின்னர் 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானது. மறு ஆண்டிலிருந்து இரகசிய டெண்டர் முறையில் விற்பனை நடத்தத் தொடங்கியது. விலைக்காகக் கூட்டுச் சேர நமக்குத் தெரியும். அறிவுக்காகக் கூட்டுச் சேர்ந்தோமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பாயிண்டும் பணமும்

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1963-இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து 1971-இல் எச்-165, எச்-226 ஆகிய வீரிய ரகங்கள் வெளிவந்தன. இந்த ரகங்கள் நம் மாவட்டங்களில் எவ்வளவு பரவின என்பதைக் கிழங்கு கொள்முதல் செய்பவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதுவும் ஏத்தாப்பூர் 1, ஏத்தாப்பூர் 2 என்று ரகங்களை வெளியிட்டுள்ளது. உலக அளவில் மரவள்ளி மகசூல் எக்டேருக்குச் சராசரி 10, 11 டன்தான். நம் பக்கத்துப் பாசன நிலங்களில் அதைப் போல் மூன்று மடங்கு எடுப்பது சாதாரணம். நம் விவசாயியின் உழைப்பும் பாசனமும் அதற்குக் காரணம். நல்ல ரகமும் காரணம்.

ஆலையில் கிழங்கை வெறும் எடைக்கு வாங்குவதில்லை, பாயிண்டுக்கு வாங்குகிறோம். அதாவது மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து விலை வைக்கிறோம். உதாரணமாக, 24 சதவீதம் மாவுச்சத்துள்ள ஒரு டன் கிழங்கில் 240 கிலோ மாவு இருக்கிறது. 28 சதவீதமுள்ள டன்னில் 280 கிலோ இருக்கிறது. ‘பாயிண்டுக்கு ஏற்ற விலையைத்தான் கொடுத்துவிடுகிறோமே, ஆலைக்கு இதில் என்ன லாபம்?’ என்று சிலர் கேட்பார்கள். லாரி வாடகை டன்னுக்குத்தானே கொடுக்கிறோம்? தோல் உரிக்கும் கூலி டன்னுக்குத்தானே? அரைக்கும் கரண்டும் கழுவும் தண்ணீரும் டன் கணக்கில்தானே செலவாகின்றன? அதே செலவில் 40 கிலோ கூடுதல் மாவு கிடைத்தால் அது யாருடைய லாபம் என்பதைப் படிப்பவர்களே சொல்லட்டும். விவசாயிக்கும் ஏக்கருக்குக் கூடுதல் காசு கிடைக்கிறது. ஒரு ரகத்தைக் கண்டுபிடித்த செலவை அரசாங்கம் ஏற்றது. அதன் பயனை அரை நூற்றாண்டாக நாம் அனைவரும் அனுபவிக்கிறோம்.

பூச்சி வந்தபோது காப்பாற்றியது யார்?

2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று தாவியது. மருந்தடித்து மாளவில்லை. 2010-இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துப் பெருக்கி வயல்களில் விட்டது. பூச்சி அடங்கியது.

பத்தாண்டு கழித்து அதைவிடப் பெரிய ஆபத்து வந்தது. 2020-இல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதலில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே நம் மாவட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. குருத்து சுருண்டு, செடி குட்டையாகி, கிழங்கு பிடிக்காமல் போனதை நம் விவசாயிகள் கண்ணால் பார்த்தார்கள். கிழங்கு வரத்து குறைந்தால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் மண்டி காயும். மண்டி காய்ந்தால் கடைக்காரர் அடுத்த மாநிலச் சரக்கைத் தேட வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் நாம் எல்லோரும் விழுகிறோம்.

இதற்கும் மருந்து ஏற்கெனவே தயாராக இருந்தது. எழுபதுகளில் இதே பூச்சி ஆப்பிரிக்காவில் நுழைந்து கோடிக்கணக்கான மக்களின் உணவான மரவள்ளியை அழித்தது. அப்போது ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழு, தென் அமெரிக்காவில் இந்தப் பூச்சியின் இயற்கை எதிரியான குளவியைத் தேடிக் கண்டுபிடித்து ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பியது. அதற்காக அவருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவிதான் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச் மாதம் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு குளவி, எங்கோ நாற்பது ஆண்டுக்கு முன் யாரோ செய்த செலவின் பலனாக, நம் ஊர் வயலுக்கு வந்திருக்கிறது. இதற்காக நம்மிடம் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பதால் கடன் இல்லை என்றாகிவிடாது. அடுத்த பூச்சிக்கும் யாராவது முன்கூட்டியே மருந்து கண்டுபிடித்து வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் தொழில் நடத்துவது, இன்சூரன்ஸ் கட்டாமல் பஞ்சுக் கிடங்கு நடத்துவதைப் போன்றது.

பணம் மட்டும் போட்டால் போதுமா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டினால் லாபம் தானாகக் கொட்டும் என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. 2005-இல் பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஆலோசனை நிறுவனம், உலகில் ஆராய்ச்சிக்கு மிக அதிகம் செலவிடும் 1,000 கம்பெனிகளின் கணக்குகளை எடுத்துப் பார்த்தது. செலவுத் தொகைக்கும் விற்பனை வளர்ச்சிக்கும் லாபத்துக்கும் நேரடியான தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. பணத்தின் அளவைவிட அந்தப் பணம் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதே முக்கியம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அப்படியானால் ஆராய்ச்சிக்குச் செலவிடாமலே இருந்துவிடலாமா? அதற்கும் ஒரு பதில் உண்டு. வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1990-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒரு நிறுவனம் ஆராய்ச்சிக்குச் செலவிடும்போது இரண்டு பலன்கள் கிடைக்கின்றன. ஒன்று, புதிய சரக்கோ புதிய முறையோ கிடைக்கலாம். மற்றொன்று, பிறர் கண்டுபிடித்ததைப் புரிந்துகொண்டு தனக்கேற்ப எடுத்துக்கொள்ளும் திறன் வளர்கிறது. இரண்டாவது பலன்தான் நம்மைப் போன்ற சிறு தொழில்களுக்கு உயிரானது. அடுப்பில் நெருப்பு இருந்தால்தானே பக்கத்து வீட்டு அரிசி நம் வீட்டில் சோறாகும்?

நம் பகுதியில் நடப்பதைப் பாருங்கள். பக்கத்து ஆலையில் ஒரு டிரையர் வந்தது என்று கேள்விப்பட்டதும் கடன் வாங்கி நாமும் ஒன்று வாங்குகிறோம். விற்ற கம்பெனியின் ஆள் ஒரு வாரம் ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். எந்த ஈரப்பதத்தில் போட வேண்டும், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று குறித்து வைக்க ஆள் இல்லை. முதல் லோடு கருகுகிறது, இரண்டாவது லோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது மாதம் மெஷின் மீது தார்ப்பாய் விழுகிறது. சரக்கு பழையபடி களத்துக்குப் போகிறது. மழை வந்தால் வானத்தைத் திட்டுகிறோம். வட்டி மட்டும் தவறாமல் ஓடுகிறது. இது தொழில்நுட்பத்தின் குற்றமா, நிர்வாகத்தின் குற்றமா?

மெஷின் வாங்குவது முதலீடு. அதை ஓட்டத் தெரிந்த ஆளை வைப்பதும், ஓட்டிய கணக்கை எழுதுவதும், கணக்கைப் பார்த்துத் திருத்துவதும்தான் தொழில்நுட்ப நிர்வாகம். முன்னதற்கு வங்கி கடன் கொடுக்கும். பின்னதற்கு முதலாளியின் கவனம்தான் கடன் கொடுக்க வேண்டும்.

திப்பியில் போகும் பணம்

செலவே இல்லாத ஓர் ஆராய்ச்சிக்கு உதாரணம் சொல்கிறேன். கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் திப்பியில் எவ்வளவு மாவு தங்கிவிடுகிறது என்று மாதம் ஒரு முறையாவது சோதித்துப் பார்க்கும் ஆலைகள் எத்தனை? அரைவைப் பல் மழுங்கினால் திப்பியோடு மாவு போகும். சல்லடை அடைத்தால் போகும். தண்ணீர் போதாவிட்டால் போகும்.

நாளொன்றுக்கு 50 டன் கிழங்கு அரைக்கும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். கிழங்கின் எடையில் ஒரே ஒரு சதவீதம் மாவு கூடுதலாகப் பிடித்தால் நாளுக்கு 500 கிலோ. 150 நாள் ஓட்டத்தில் 75,000 கிலோ. 90 கிலோ மூட்டைக் கணக்கில் 833 மூட்டை. மூட்டைக்கு 4,000 ரூபாய் என்று வைத்தால் 33 லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தப் பணம் கிழங்குக்குக் கொடுத்தாகிவிட்டது, அரைக்கும் கூலியும் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் மாட்டுத் தீவனமாகப் போகிறது. இதைத் தடுக்கத் தேவைப்படுவது ஒரு சிறிய சோதனைச் சாலையும், கையெழுத்து ஒழுங்காக எழுதும் ஒரு பையனும், ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.

கழிவுநீரும் அப்படித்தான். ஒரு காலத்தில் ஓடையில் விட்டு ஊராரிடம் திட்டு வாங்கிய தண்ணீரிலிருந்து இன்று பல ஆலைகள் எரிவாயு எடுத்து, கொதிகலனுக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்துகின்றன. இந்த முறை வெளியிலிருந்து வந்ததுதான். கவனமாகப் பராமரித்த ஆலைக்கு அது வரவாக மாறியது. கவனிக்காமல் விட்ட இடத்தில் கலனும் தொட்டியும் துருப்பிடித்து நிற்கும். ஒரே தொழில்நுட்பம், வேறு வேறு பலன்.

வெள்ளை வெளேர் என்ற ஆசை

இதில் ஆலைக்காரர்களை மட்டும் பேசிவிட்டு வியாபாரிகளை விட்டுவிடுவது நியாயமல்ல. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாட்களில் ஜவ்வரிசி கிச்சடி சாப்பிடுகிறார்கள். அந்தச் சந்தைதான் நம் தொழிலுக்குப் பெரிய ஆதாரம். அங்கே சரக்கு வெளேரென்று இருந்தால் விலை, கொஞ்சம் பழுப்பாக இருந்தால் தள்ளுபடி. இந்த ஒரே ஒரு அளவுகோலால், வெளுப்பதற்கு இரசாயனம் சேர்க்கும் குறுக்கு வழியும், மக்காச்சோள மாவைக் கலக்கும் குறுக்கு வழியும் தொழிலுக்குள் நுழைந்தன. உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்தும் செய்தி வரும்போதெல்லாம் ஒழுங்காகத் தொழில் செய்பவர்களும் சேர்ந்து தலை குனிய வேண்டியிருக்கிறது.

வெண்மைக்கு நேர்வழியும் இருக்கிறது. கிழங்கு பறித்த இரண்டு நாளுக்குள் அரைத்துவிட வேண்டும். நாள் கடந்தால் உள்ளே கருக்கத் தொடங்கும். தோலைச் சுத்தமாக உரிக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். மாவுப்பால் தொட்டியில் நெடுநேரம் கிடந்து புளிக்காமல், விரைவாகப் பிரித்தெடுக்கும் இயந்திரம் வேண்டும். இதற்கெல்லாம் முதலீடும் அறிவும் வேண்டும். இரசாயனத்துக்கு இரண்டும் வேண்டாம். அதனால்தான் ஆராய்ச்சியில் செலவிடாத தொழில், கலப்படத்தில் போய் விழுகிறது. ஆராய்ச்சிக்கு மிச்சம் பிடித்த பணத்தை அபராதமாகவும் கெட்ட பெயராகவும் திருப்பிக் கட்டுகிறது.

2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்ப் பெயருக்குக் கிடைத்த பட்டம் அது. பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் போதாது. அந்தப் பெயரில் போகும் ஒவ்வொரு மூட்டையும் கலப்படமற்றது என்று சோதித்துச் சொல்லும் வசதி இருந்தால்தான் வடநாட்டு வியாபாரி அதற்கென்று இரண்டு ரூபாய் கூடுதல் கொடுப்பார்.

பிறர் செய்து காட்டியவை

தாய்லாந்து நம்மைப் போலவே கிழங்கை நம்பிய நாடு; இன்று மரவள்ளி ஸ்டார்ச் ஏற்றுமதியில் உலகில் முதலிடம் வகிக்கிறது. அங்கே 1992-இல் கசெட்சார்ட் 50 என்ற ரகம் வெளியானது. மறு ஆண்டே, மரவள்ளித் தொழிலின் வளர்ச்சிக்கென்றே தனி நிறுவனம் ஒன்று அமைந்தது. ரகத்தைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், அதன் குச்சிகளைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அந்த நிறுவனம் எடுத்துச் செய்தது. 2008-இல் அங்கும் மாவுப்பூச்சி வந்தது. அடுத்த ஆண்டே பெனினிலிருந்து குளவியை வரவழைத்தார்கள். நமக்கோ 2020-இல் வந்த பூச்சிக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட பருவங்களின் நட்டத்தை யார் கொடுத்தார்கள்? நாம்தான் கொடுத்தோம்.

வெளிநாட்டைச் சொன்னால் ‘அது வேறு’ என்பார்கள். சரி, கோயம்புத்தூரைப் பார்ப்போம். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா 1956-இல் உருவானது. வியாபாரத்தில் ஒருவரை ஒருவர் போட்டி போட்டு நெருக்கும் மில் முதலாளிகள், அரசாங்கத்தின் துணையோடு ஆராய்ச்சிக்கு மட்டும் ஒன்று சேர்ந்தார்கள். உறுப்பினர் மில்களின் உற்பத்தித் திறனையும் செலவையும் ஒப்பிட்டு அது ஆய்வறிக்கை தருகிறது. தன் மில் எந்த இடத்தில் பின்தங்கியிருக்கிறது என்று முதலாளிக்குத் தெரிகிறது.

நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களையும் பாருங்கள். 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகம் இருக்கிறது. வானிலையை ஒட்டித் தீவனத்தில் என்ன மாற்றம் செய்வது என்று ஆலோசனையும் வருகிறது. தீவனம் சரியில்லை என்றால் சாம்பிளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போவது அங்கே பழக்கமாகிவிட்டது. நாமக்கல் முட்டை நாடெங்கும் விலை சொல்கிறதென்றால் அதற்குப் பின்னால் இந்தப் பழக்கமும் இருக்கிறது.

எழும் ஆட்சேபணைகள்

‘நான் செலவு செய்து கண்டுபிடிப்பேன், பக்கத்து ஆலைக்காரர் ஓசியில் எடுத்துக்கொள்வார், எனக்கு எதற்கு இந்த வேலை?’ என்பது முதல் ஆட்சேபணை. நியாயமான பேச்சுதான். ஆகவேதான் ரகம், பூச்சி, தர நிர்ணயம் போன்ற பொதுவான ஆராய்ச்சியைச் சங்கம் செய்ய வேண்டும், எல்லோரும் பங்கு போட வேண்டும் என்கிறோம். தன் ஆலைக்கு மட்டும் பயன்படும் திருத்தங்களை அவரவர் செய்துகொள்ளட்டும்.

‘வரி கட்டுகிறோமே, அரசாங்கம் செய்யட்டும்’ என்பது இரண்டாவது. அரசாங்கம் செய்துதான் வந்திருக்கிறது. ஆனால் நாட்டின் நிலைமையையும் பார்க்க வேண்டும். 2020-21-இல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென்கொரியா நான்கு சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. அங்கே அதில் முக்கால் பங்குக்கு மேல் தொழில் நிறுவனங்கள் செய்வது. இங்கே தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றுத் தாண்டியது. தொழில் செய்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் விஞ்ஞானிக்கு எது அவசரம், எது அவசியம் என்று எப்படித் தெரியும்? காசு போட்டவருக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை வரும்.

‘வரிச்சலுகை கொடுத்தால் செய்யலாம்’ என்பது மூன்றாவது. அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சிக் கூடங்களின் செலவுக்கு 2017 மார்ச் வரை இரு மடங்கும், அதன்பின் 2020 மார்ச் வரை ஒன்றரை மடங்கும் வருமான வரியில் கழிக்க இடம் இருந்தது. பிறகு அந்தக் கூடுதல் சலுகை நின்றுவிட்டது. சலுகை இருந்த காலத்திலும் நம்மைப் போன்ற சிறு தொழில்கள் அதற்கு மனுப் போட்டது அபூர்வம். எனவே சலுகைக்காகக் காத்திருப்பது வெறும் சாக்கு.

நாம் செய்யக் கூடியது என்ன?

முதலாவதாக, மூட்டைக்கு ஒரு சிறு தொகையை ஆராய்ச்சி நிதியாக ஒதுக்கலாம். ஓர் ஆண்டில் 10 லட்சம் மூட்டை கைமாறுகிறது என்று வைத்துக்கொண்டால், மூட்டைக்கு 2 ரூபாய் வீதம் 20 லட்சம் ரூபாய் சேரும். விற்பவர் ஒரு ரூபாய், வாங்குபவர் ஒரு ரூபாய் என்று பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமில்லை. மூட்டை தைக்கும் சணலுக்குக் கொடுப்பதைவிட அது பெரிய தொகை அல்ல.

இரண்டாவதாக, அந்த நிதியைக் கட்டிடம் கட்டவும் திறப்பு விழா நடத்தவும் செலவிடக் கூடாது. ஏத்தாப்பூர் நிலையத்திடமும் ஸ்ரீகாரியம் நிலையத்திடமும் நமக்கு வேண்டிய கேள்விகளை எழுத்தில் கொடுத்து, நோயற்ற குச்சிகளைப் பெருக்கவும், தேமல் நோயைத் தாங்கும் ரகங்களை நம் மண்ணில் சோதிக்கவும் பயன்படுத்த வேண்டும். ஆண்டுதோறும் வரவு செலவைப் பொதுக்குழுவில் வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, சிட்ரா செய்வதைப் போல, ஆலைகளின் பெயரை வெளியிடாமல், ஒரு டன் கிழங்குக்கு எத்தனை கிலோ மாவு, எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற ஒப்பீட்டுப் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறை தயாரிக்கலாம். அதே வேலையில், கிழங்கின் பாயிண்ட் அளக்கும் கருவிகளைப் பொதுவான ஆள் வைத்துச் சரிபார்த்தால் விவசாயிக்கும் ஆலைக்கும் இடையே வருடா வருடம் வரும் தகராறும் குறையும்.

நான்காவதாக, மொத்த வியாபாரிகளும் கடைக்காரர்களும் வெண்மையை மட்டும் பார்த்து வாங்குவதை விட வேண்டும். ஈரப்பதம், வேக வைத்தால் மணி உடையாமல் நிற்பது, சோதனைச் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்குபவர் கேட்கும் தரத்தைத்தான் விற்பவர் செய்வார். கொஞ்சம் மங்கலாக இருக்கும் நல்ல சரக்கின் அருமையை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு உண்டு.

வணிகப் பெருமக்களே! விதைநெல்லை விற்றுச் சாப்பிட்டவன் வீட்டில் அடுத்த ஆண்டு அறுவடை இல்லை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. எண்பது ஆண்டுக்கு முன் ஒரு சேலத்து வியாபாரி துணிந்து செய்த செலவை இன்றுவரை நாம் அறுவடை செய்துகொண்டிருக்கிறோம். அதன்பின் அரசாங்க நிலையங்கள் விதைத்ததையும் அறுத்துக்கொண்டோம். நம் பங்குக்கு நாம் விதைத்தது என்ன என்று கேட்டால் சொல்லப் பதில் வேண்டாமா? மக்காச்சோள ஸ்டார்ச்சுக்காரர்கள் பேப்பர் மில், நெசவு மில், மருந்துக் கம்பெனி என்று ஒவ்வொருவருக்கும் ஏற்ற வகை வகையான மாவைத் தயாரித்து நம் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிழங்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் குறை சொல்லிக்கொண்டே காலம் கழிப்பதால் பயனில்லை.

மூட்டைக்கு 2 ரூபாய் என்ற யோசனையை நம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தொகை கூடுதல் என்றாலும் குறைவு என்றாலும் உறுப்பினர்கள் தங்கள் கருத்தைச் சங்க அலுவலகத்துக்கு எழுதலாம். இந்த ஆண்டுப் பேரேட்டில் ஆராய்ச்சி என்ற ஒரு தலைப்பாவது ஏறட்டும்.